குழந்தைக்கு கோராய்டு பிளெக்சஸ் பாப்பிலோமாவா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பேரே வாய்ல நுழையாது, ஆனா இது பெரும்பாலும் கேன்சர் இல்லாத மூளைக்கட்டி, அதிகமா வர்றது ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு. மூளைக்குள்ள நீர் சுரக்குற திசுவுலயே வளர்றதால நீர் அளவுக்கு மீறி சுரக்கும், இல்லன்னா போற வழி அடைச்சுக்கும், ரெண்டுலயும் மண்டைக்குள்ள பிரஷர் ஏறும், குழந்தையோட தலையும் பெருசாகிட்டே போகும்.

"அவங்க தாத்தாவுக்கும் பெரிய தலைதான்"னு விட்டுடறாங்க பாருங்க, அதுதான் முதல் தப்பு. தடுப்பூசிக்கு போறப்பல்லாம் தலை சுத்தளவை எடுக்கச் சொல்லுங்க, டேப் புருவத்துக்கு மேலயும் பின்மண்டை துருத்தற இடத்துலயும் சுத்தி வரணும். பிறந்தப்ப 35 செ.மீ. கிட்ட இருக்கும், ஒரு வயசுல 45, 46 வரும், அதைவிட விறுவிறுன்னு ஏறுச்சுன்னா யோசிக்காம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

வாந்தி எடுத்தா தொக்கம் எடுக்க தூக்கிட்டு ஓடறது, பல்லு முளைக்குதுன்னு சொல்றது, இதெல்லாம் நாள் கடத்தற வேலை. உச்சிக்குழி புடைச்சிருக்கு, கருவிழி கீழ இறங்கி மேல வெள்ளை தெரியுதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்தது, "ஷண்ட்ங்கற டியூப் வெச்சு மூளைத் தண்ணிய வயித்துக்கு இறக்கிட்டா சரியாயிடும்ல, தலைய ஏன் திறக்கணும்?" கேக்கறவங்க பயம் புரியுது, ஆனா கட்டி உள்ளயே இருந்தா அது சுரந்துக்கிட்டே இருக்கும், சில குழந்தைங்களுக்கு அவ்ளோ நீரை வயிறு உறிஞ்ச முடியாம வயித்துலயே தேங்கிடும். அவசரத்துக்கு பிரஷர் குறைக்க டியூப் போடுவாங்க, அது வேற. முழுசா எடுக்கறதுதான் வைத்தியம், எடுத்துட்டா பெரும்பாலும் கீமோ, ரேடியேஷன் எதுவும் வேண்டியதில்ல.

அதுக்காக பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரியில பண்ணிக்கலாம்னு இறங்காதீங்க. இந்தக் கட்டியில ரத்த ஓட்டம் ரொம்ப ஜாஸ்தி, 8 கிலோ குழந்தை உடம்புல இருக்கற மொத்த ரத்தமே சுமார் 640 மி.லி. தான், அதுல 100, 150 போனாலே பெரிய விஷயம். குழந்தைங்களுக்கான நியூரோ சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஐசியு, கையில ரெடியா ரத்தம், இதெல்லாம் இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல கூச்சமே வேணாம்.

ஆபரேஷன் முடிஞ்சதும் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காம வந்துடாதீங்க. கட்டி எவ்ளோ தீவிரம்னு சொல்ற கிரேடு அதுலதான் இருக்கும், கிரேடு 1னா நிம்மதி, 2, 3னா அடுத்த பிளான் வேற. கட்டி போனப்புறமும் சில பேருக்கு ஷண்ட் தேவைப்படும், அதை ஆபரேஷன் ஃபெயிலியர்னு நினைக்காதீங்க. குழந்தை நல்லா ஓடியாடுதேன்னு ஃபாலோஅப் எம்ஆர்ஐய மட்டும் தள்ளிப் போடாதீங்க, பழைய ஸ்கேன் சிடியும் கூடவே எடுத்துட்டுப் போங்க, ஒப்பிட்டுப் பார்க்க கேப்பாங்க.