பதினோரு ‘அப்புறம்’

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு விடுமுறை வேலை: ஒரு கதைப் புத்தகம் படித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். கிளை நூலகத்தில் ஒன்று எடுத்து வந்தோம். அவள் எழுதியது பின்னட்டையில் இருந்த நாலு வரி, அப்படியே. பொறுமை போய் நானே வரி வரியாகச் சொல்ல, அவள் எழுதினாள். படித்துப் பார்த்தால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

மறுநாள் பாட்டியிடம் கதையைச் சொல்லச் சொல்லி, செல்போனில் பதிவு செய்தேன். பாட்டி சும்மா கேட்பாரா?

“ஆடு தொலைஞ்சதை அந்தப் பையன் ஏண்டி அப்பாகிட்ட சொல்லலை?”

“அடிப்பாருன்னு பயம் பாட்டி. டிபன் பாக்ஸ் தொலைச்சப்போ நானும்தான் சொல்லலை.”

(எனக்கே அன்றுதான் தெரியும்.)

பதிவைப் போட்டுக் கேட்டு அவளே எழுதினாள். அதில் 11 ‘அப்புறம்’. எல்லாவற்றையும் பென்சிலால் சுழித்து, “மூணு மட்டும் வெச்சுக்கோ” என்றேன். கதைக்கு ஐந்து வரி. மீதி, எந்த இடம் பிடித்தது, ஏன் என்பதற்கு. எழுத்துப் பிழைகளைக் கடைசியில்தான் தொட்டோம். டிபன் பாக்ஸ் சமாச்சாரமும் உள்ளே வந்துவிட்டது, ஓரத்தில் படத்தோடு.