டாக்டரம்மாவுக்கு விழா எடுப்பதற்கு முன்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்தில் ஒரு ஊர் எங்களுடையது. பஜாரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். 2024இல் எங்கள் டாக்டரம்மா ஊருக்கு வந்து நாற்பது வருடம் ஆனதற்கு நாங்கள் ஒரு விழா எடுத்தோம். அதைக் கேள்விப்பட்டு இதுவரை நான்கு ஊர்க்காரர்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். "எங்க டாக்டருக்கும் இப்படி ஒண்ணு செய்யணும், நோட்டீஸ் அடிச்சுத் தாங்க" என்பார்கள். நோட்டீஸ் கடைசி வேலை. அதற்கு முன்னால் மூன்று மாத வேலை இருக்கிறது என்று உட்கார வைத்துச் சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்படிச் செய்யக் கூடாது என்பதை நான் பல வருடம் முன்பே பார்த்துவிட்டேன். வேறொரு ஊரில், எண்பது வயது தாண்டிய ஒரு டாக்டருக்குப் பாராட்டு விழா. ஐந்து மணி என்று போட்டு ஏழரைக்குத் தொடங்கினார்கள். பதினோரு பேர் பேசினார்கள். ஒருவர்கூட அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர் இல்லை. மனித தெய்வம், கைராசிக்காரர் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவரோ சர்க்கரை நோயாளி. சாப்பிடும்போது மணி பத்தரை. என் அம்மா பீடி சுற்றுகிறவள். சின்ன வயதில் என் தம்பிக்கு வலிப்பு வந்தபோது பிழைக்க வைத்தவர் அவர்தான். அதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மேடைக்குக் கீழே கடைசி வரை நின்றாள். யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அவர் போய்விட்டார். "சொல்லாமப் போயிட்டேனே" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். எங்கள் விழாவின் ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு வரியிலிருந்து வந்தது.

முதல் வேலை, சம்பந்தப்பட்டவரிடம் கேட்பது. திடீர் மகிழ்ச்சி கொடுக்கிறோம் என்று மறைத்துச் செய்யாதீர்கள். நோயாளியை விட்டுவிட்டு வர முடியுமா, எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நேரில் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். நாங்கள் அவரிடம் இருபத்தாறு வருடமாக வேலை செய்யும் சிஸ்டர் அக்கா மூலமாகக் கேட்டோம். மூன்று நிபந்தனை வந்தது. கிளினிக்கைப் பூட்டக் கூடாது, ரோட்டில் ஃபிளெக்ஸ் வைக்கக் கூடாது, "பீடி சுத்துற பிள்ளைகள்ட்ட பத்து ரூபா கூட வாங்கப்படாதுட்டி."

முதல் நிபந்தனைக்கு, அவரிடம் ஒரு காலத்தில் பயிற்சி எடுத்த இளைய டாக்டர் ஒருவர் சேரன்மகாதேவியிலிருந்து வந்து அன்று முழுதும் கிளினிக்கில் உட்கார ஒப்புக்கொண்டார். நாங்கள் கொடுத்ததிலேயே டாக்டரம்மாவுக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்களும் இப்படி ஒருவரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள். கடைசி நிபந்தனைதான் சிக்கல். காசு வாங்க மாட்டோம் என்றதும் பெண்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் வீட்டுக்கு ஒரு தேங்காய் என்று முடிவானது. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

தேதி என்றதும் எல்லோரும் ஜூலை 1 என்பார்கள். மேற்கு வங்க முதலமைச்சராகவும் இருந்த டாக்டர் பி.சி. ராய் பிறந்ததும் (1882) மறைந்ததும் (1962) அந்தத் தேதியில்தான். 1991 முதல் அதை மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம். நல்ல நாள்தான், ஆனால் அன்றைக்கு டாக்டர்களுக்கு அவர்கள் சங்கத்துக் கூட்டம் இருக்கும். நாங்கள் கிளினிக் திறந்த ஆவணி மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டோம், முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து. காலை பதினொரு மணி. ராத்திரி விழா வேண்டவே வேண்டாம்.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். நானூறு பக்க அக்கவுண்ட் நோட்டு ஒன்று வாங்கி, அதை வீடு வீடாகக் கொண்டுபோனோம். டாக்டரம்மா தங்களுக்குச் செய்ததை அவரவர் வாயால் சொல்ல வேண்டும், நாங்கள் அப்படியே எழுத வேண்டும். முதல் வாரம் தோற்றுப்போனோம். "டாக்டரம்மாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமானவங்க" என்பார்கள், அதோடு முடிந்தது. கேள்வியை மாற்ற வேண்டும். நாள் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் காலத்துக்கு அடையாளம் வெள்ளம்தான். 1992 நவம்பரில் தாமிரபரணி ஏறி வந்தபோது உங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை? 108 வண்டி தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால் ராத்திரி வலி எடுத்தால் எதில் போனீர்கள்? கையில் எவ்வளவு காசு இருந்தது? கதவைத் தட்டினதும் அவர் என்ன கேட்டார்? கொரோனாவில் ஊரடங்கு போட்ட 2020இல்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய 2023 டிசம்பர் மழையில்? இப்படிக் கேட்டால் ஆட்கள் எழுந்து நின்று சொல்கிறார்கள்.

வடக்குத் தெரு ஆச்சி ஒருத்தி சொன்னது: 92 வெள்ளத்தில் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள், மகளுக்கு அங்கேயே வலி வந்துவிட்டது, டாக்டரம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார். "பிள்ளை பொறந்தப்புறம் அவுக கேட்டது, ஒரு மாத்துச் சேலை இருக்கான்னுதான்" என்றாள் ஆச்சி. அந்தச் சேலையை ஆச்சி இன்னும் வைத்திருக்கிறாள்.

இன்னொருவர் சொன்னது புகழ்ச்சியே இல்லை. மகனுக்குக் காய்ச்சல், ஊசி போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார், டாக்டரம்மா போடவில்லை. மருந்தும் மூன்று நாளைக்குத்தான். குளுக்கோஸாவது ஏற்றுங்கள் என்றிருக்கிறார். கஞ்சி குடிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று அனுப்பிவிட்டார். கோபத்தில் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லையாம். பிள்ளை வெறும் கஞ்சியிலேயே தேறியதை நினைத்துப் பார்த்துத்தான் திரும்பப் போயிருக்கிறார். இதை நோட்டில் எழுதலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. எழுதத்தான் வேண்டும் என்றேன். ஊசி போட்டால் ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தும் போடாமல் விட்ட டாக்டரை வேறு எப்படி மரியாதை செய்வது? செய்ததைப் போலவே செய்யாமல் விட்டதையும் கேட்டு எழுதுங்கள். தன்னால் ஆகாது என்று தெரிந்ததும் நேரம் கடத்தாமல் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பியதையும் கேளுங்கள்.

எங்கள் பக்கம் ஒரு தவறு நடந்தது. நோட்டு காலனித் தெருவுக்குப் போகவே இல்லை என்பது மூன்றாவது வாரம்தான் உறைத்தது. சுற்றியவர்கள் எல்லோரும் மேலத்தெரு ஆட்கள், யாருக்கும் தோன்றவில்லை. நானே இரண்டு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். 1984இல் தங்களை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து, பெஞ்சில் உட்கார வைத்து, கையைப் பிடித்து நாடி பார்த்த முதல் டாக்டர் அவர்தான் என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். நோட்டில் நீளமான பக்கங்கள் அங்கிருந்து வந்தவைதான். எந்தத் தெருவில் தொடங்குகிறீர்கள் என்பதை நோட்டைக் கையில் எடுக்கும் முன்பே யோசியுங்கள்.

அப்புறம் ரகசியம். ஒரு பெண் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "எழுதிக்கோ, ஆனா வாசிக்காதே" என்றாள். அவளுக்கு என்ன நோய் என்று இங்கேயும் எழுத மாட்டேன். நோயாளியின் ரகசியத்தை நாற்பது வருடம் காத்தவருக்கு எடுக்கிற விழாவில் அதையே மைக்கில் போட்டு உடைக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் "வாசிக்கலாம்", "அவர் மட்டும் படிக்கலாம்" என்று குறித்துக் கையெழுத்தோ ரேகையோ வாங்கினோம். இரண்டாவது வகைப் பக்கங்களைத் தனியாகத் தைத்து உறையில் போட்டுக் கொடுத்தோம்.

நோட்டீஸில் என்ன போடலாம்? எங்கள் ஆட்கள் "ஐம்பதாயிரம் பிரசவம் பார்த்த" என்று போடச் சொன்னார்கள். யார் எண்ணினார்கள்? மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் வருட விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். பழைய ரெஜிஸ்டரெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அதனால் தெரிந்ததை மட்டும் போட்டோம்: பெயர், படிப்பு, படித்த இடம் (1965இல் தொடங்கிய நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி), கிளினிக் திறந்த வருடம். "தீராத நோயைத் தீர்க்கும்" என்பது போன்ற வரிகளைத் தொடவே கூடாது. டாக்டர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. நீங்கள் பாசத்தில் போட்ட வரி அவருக்கு வம்பாக வந்து சேரும். மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து சாப்பாட்டுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். மருந்துக் கம்பெனியிடம் டாக்டர்கள் பரிசோ உபசரிப்போ வாங்கக் கூடாது என்று 2009இல் விதி சேர்த்துவிட்டார்கள். நன்றி சொல்லி, ஒரு டீ கொடுத்து அனுப்பினோம்.

பரிசாக ஷீல்டு வாங்காதீர்கள், அவர் வீட்டு அலமாரியில் இடம் இல்லை. நாங்கள் பத்தமடைக்குப் போய்ப் பாய் சொன்னோம். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் போட்டு நெய்வார்களே, அந்தப் பட்டுப் பாய். அவர் பெயரும் 1984 என்ற வருடமும் நெய்யச் சொன்னோம். கோரையை இழை இழையாகக் கிழித்து நெய்வது, நினைத்த நேரத்தில் கிடைக்காது. இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எங்களுக்காகத் தூக்கம் கெட்டவருக்குப் பாய் கொடுக்கலாம் என்ற யோசனை சிஸ்டர் அக்காவுடையது.

விழா பள்ளிக்கூட ஹாலில். மேடை போடவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். பேச ஒன்பது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், எல்லோரும் நோட்டில் எழுதியவர்கள். பெரிய மனிதர்களை என்ன செய்வது என்றுதான் எல்லா ஊர்க்காரர்களும் என்னிடம் கேட்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வரவேற்புரை சொன்னார், இரண்டு நிமிடம். மற்றவர்களிடம் பத்து நாள் முன்பே நேரில் போய், "அண்ணாச்சி, நீங்கதான் முன்ன நின்னு பந்தி பரிமாறணும்" என்று கேட்டுக்கொண்டோம். நம் பக்கத்தில் பந்தி பரிமாறுவது மரியாதையான வேலை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு முன்னால் வேறு நான்கு பேருக்கு மரியாதை செய்தோம். சிஸ்டர் அக்கா, கம்பவுண்டர் அண்ணாச்சி, கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் அம்மா, ராத்திரி கூப்பிட்டாலும் வரும் ஆட்டோக்காரர். டாக்டரம்மாவின் வீட்டுக்காரரையும் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். ராத்திரி கதவு தட்டினால் முதலில் எழுந்து விளக்கைப் போட்டவர் அவர்தானே.

முதலில் பேசியது என் அம்மா. அந்தப் பழைய டாக்டரிடம் சொல்லாமல் விட்டதை இவரிடமும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "நான் மூச்சு முட்டி வந்தப்ப, மருந்து எழுதுறதுக்கு முந்தி, காலையில என்ன சாப்பிட்டன்னு கேட்டீகளே தாயி. எங்க வீட்டுலகூட அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பன்னிரண்டரைக்குப் பந்தி. வீட்டுக்கு ஒன்றாக வந்த தேங்காய்களைத் துருவிப் பால் எடுத்து, சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். மறுவீட்டுக்கு வைக்கிற சாப்பாடு, டாக்டரம்மாவுக்கும் பிடித்தது. அல்வா வைக்கவில்லை. பந்தியில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரே அவர்தான்.

அரசு விருதுக்கு எழுதலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக. பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், இணையத்தில் மட்டும். அரசு ஊழியர்களுக்குப் பொதுவாகத் தகுதி இல்லை என்றாலும் டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் விலக்கு உண்டு. அதனால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் எழுதலாம். செய்த பணியை 800 சொற்களுக்குள் சொல்ல வேண்டும். அங்கேதான் அந்த நோட்டு கைகொடுக்கும், வாசிக்கலாம் என்று குறித்த பக்கங்கள் மட்டும். மகாராஷ்டிராவில் மஹாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு தேள்கடிக்குப் பிரசோசின் மருந்து கொடுத்து உயிர்களைக் காத்த டாக்டர் பவாஸ்கருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சின்ன ஊர் டாக்டர் என்று தயங்காதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். சென்னை வியாசர்பாடியில் இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் வீரராகவனுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை, 2020லேயே மறைந்துவிட்டார். எங்கள் டாக்டரம்மாவுக்கும் நான் பதிவேற்றியிருக்கிறேன்.

விழா முடிந்த மூன்றாம் நாள் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, கிளினிக் வாசலிலும் என் கடையிலும் ஒட்டினோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம்தான் வரவு. மிச்சம் 1,140 ரூபாய் இருந்தது. என்ன செய்யலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டோம். வெளியே வெயிலில் நிற்கிறவர்களுக்கு வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்ச் போடச் சொன்னார். பணம் போதவில்லை, கம்பவுண்டர் அண்ணாச்சி மீதியைப் போட்டார். அதையும் அதே தாளில் எழுதிச் சேர்த்தோம்.