அட்டாலியில் கிடக்கும் கல்யாண கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

இணைச்சீர், தாலி கட்டு, மங்கல வாழ்த்து என்று முழுக் கல்யாணமும் பதிவான விஎச்எஸ் கேசட்டுகள் கொங்குப் பகுதியில் பல வீட்டு அட்டாலிகளில் (பரண்களில்) இன்னும் இருக்கின்றன. கேசட்டை ஓட்டும் டெக்கை (விசிஆர்) கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திய பிறகு புது டெக் வருவதில்லை. இருக்கும் டெக்குகளிலும் ரப்பர் பாகங்கள் இறுகிக்கொண்டே வருகின்றன. ஆகவே கேசட்டை ஓட்டுவது ஒருமுறைதான் என்று வைத்துக்கொண்டு, அந்த ஒருமுறையிலேயே முழுத் தரத்தில் எடுத்துவிட வேண்டும். அழகுபடுத்தும் வேலையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

முதலில் கேசட்டைப் பாருங்கள்

கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ புள்ளியோ தெரிந்தால் அது பூஞ்சணம். வால்பாறை, பொள்ளாச்சி போன்ற ஈரமான இடங்களில் இருந்த கேசட்டுகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை டெக்கில் போடவே போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டை அடைத்துவிடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தனி உறையில் ஒதுக்கிவைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட்டின் முதுகுப் பக்கம் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் தாவல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

டெக்கைத் தயார்செய்தல்

முதலில் போக வேண்டியது கல்யாண கேசட் அல்ல. வீட்டில் வேண்டாத பழைய கேசட் ஏதாவது இருந்தால் அதைப் போட்டு, பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். டேப் கசங்காமல் வந்தால் டெக்கை நம்பலாம். கசங்கினால், டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

படம் முழுக்கப் பனி பெய்வதுபோல் இருந்தால் ஹெட் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். ஷமாய் தோல் துண்டில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, ஹெட் பதிந்த உருளையான டிரம்மின் பக்கத்தில் அழுத்தாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மின் மேற்பகுதியை மெதுவாகச் சுற்றுங்கள். தோல் துண்டை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும். பஞ்சுக் குச்சி ஆகாது, அதன் நார் நுனியில் மாட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் உலரவிட்டுப் பிறகு மூடுங்கள்.

இணைப்பு

தேவையானவை மூன்று: ஆர்சிஏ கேபிள், யுஎஸ்பி கேப்சர் கருவி (டெக்கின் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் எடுப்பது), குறைந்தது 100 ஜிபி காலி இடமுள்ள ஹார்ட் டிஸ்க். கோவை காந்திபுரம் கடைகளில் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அது பழைய படத்தைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பெரிதாக்கித் தரும், மூலப் படம் உங்களுக்குக் கிடைக்காது.

டெக்கின் பின்புறம் 'அவுட்' என்று எழுதிய வரிசையில்தான் செருக வேண்டும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. மோனோ டெக்கில் ஒலிக்கு ஒரே துளை இருக்கும், அதில் வெள்ளையைச் செருகினால் போதும். சில பழைய டெக்குகளில் படம் வரும் இடத்தில் பிஎன்சி சாக்கெட் (திருகிப் பூட்டும் வட்டத் துளை) இருக்கும், அதற்கு ஓர் அடாப்டர் வேண்டும். யுஎஸ்பியை ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். டெக்கும் கணினியும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் கரண்ட் எடுக்கட்டும். தனித்தனி இடத்தில் எடுத்தால் ஒலியில் 'உம்ம்' என்ற இரைச்சல் வரலாம்.

விர்ச்சுவல்டப்2-இல் எடுப்பது

இது இலவச மென்பொருள். 'கேப்சர் ஏவிஐ' பகுதிக்குள் போய் 'டிவைஸ்' மெனுவில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இந்த வரிசையில்:

1. வீடியோ தரநிலை: பால்-பி (இந்திய டிவி முறை). என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) என்று இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும்.
2. அளவு 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம், வண்ண வடிவம் ஒய்யுஒய்2.
3. கம்ப்ரஷன்: ஹஃப்ஒய்யுவி. இது எதையும் இழக்காமல் சுருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி பிடிக்கும். இ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும் என்பதால்தான் 100 ஜிபி கேட்டோம்.
4. ஒலி 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட். படம் வரும் அதே கருவியிலிருந்தே ஒலியையும் எடுங்கள். ஒலியை மட்டும் கணினியின் மைக் துளை வழியாக எடுத்தால், போகப் போக உதடும் பேச்சும் பொருந்தாமல் விலகும்.
5. கோப்பை என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் சேமியுங்கள். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது.

எஃப்5 அழுத்திய பிறகு டெக்கில் பிளே கொடுங்கள். முடிந்ததும் எஸ்கேப். ஓடும்போது வலப்பக்கம் 'டிராப்டு' (தவறிப்போன ஃபிரேம்கள்) எண்ணைக் கவனியுங்கள். அது ஏறிக்கொண்டே இருந்தால் கணினி திணறுகிறது அல்லது டேப்பின் சிக்னல் ஆடுகிறது.

ஒலியில் ஒரு புதையல்

இதை அவசியம் பாருங்கள். கல்யாண வீடியோக்களில் சடங்கின் ஒலியை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டை ஏற்றிவைப்பது உண்டு. 'ஆடியோ டப்' முறையில் ஏற்றியிருந்தால், பாட்டு டேப்பின் ஓரத்திலுள்ள சாதாரணத் தடத்தில் மட்டுமே பதிவாகும். ஹைஃபை டெக்கில் எடுத்த டேப்பாக இருந்தால், படத்தோடு பதிந்த ஹைஃபை தடத்தில் பழைய ஒலி அப்படியே இருக்க வாய்ப்புண்டு. ஹைஃபை வசதியுள்ள டெக்கில் ஒலி சுவிட்சை 'ஹைஃபை', 'நார்மல்' என்று மாற்றிக் கேளுங்கள். பாட்டுக்கு அடியில் மங்கல வாழ்த்துச் சொன்னவரின் குரல் கிடைத்தால் அதைவிடப் பெரிய சொத்து அந்த டேப்பில் இல்லை. ஹைஃபை ஒலி கரகரத்தால் டெக்கின் டிராக்கிங்கை (ஹெட்டை டேப் தடத்தோடு பொருத்தும் அமைப்பை)ச் சரிசெய்து பாருங்கள்.

வழக்கமான சிக்கல்கள்

படம் வருகிறது, ஒலி இல்லை: விண்டோஸ் கேப்சர் கருவியின் ஒலியை மைக்ரோஃபோனாகவே கணக்கில் எடுக்கும். பிரைவசி அமைப்பில் மைக், கேமரா இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள்.

படத்தின் மேற்பகுதி கொடிபோல் வளைகிறது: டேப்பின் நேர ஒழுங்கு கெட்டிருக்கிறது. டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றைச் செருகினால் சில மாடல்கள் இதை நன்றாகவே நிமிர்த்திவிடும்.

வெளிச்சம் கூடிக் குறைகிறது: கம்பெனி சினிமா கேசட் என்றால் அது நகலெடுக்கவிடாத காப்புப் பூட்டு. கல்யாண கேசட்டிலும் அப்படி வந்தால், ஆடும் சிக்னலைக் கருவி பூட்டு என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. நடுவில் அதே டிவிடி ரெக்கார்டரை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்: அது என்டிஎஸ்சி. பால் டெக் மட்டும் வைத்திருந்தால் சரியாக ஓடாது, இரண்டும் ஓடும் டெக் தேட வேண்டும்.

பார்க்கும் கோப்பு

எடுத்த ஏவிஐ-யில் அசைவுகளின் ஓரம் சீப்புப் பல்போல் தெரியும். அது கோளாறு அல்ல, ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு பாதிப் படங்கள் பின்னியிருக்கின்றன. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், இந்தப் பின்னலைப் பிரிக்கும் பிவ்டிஃப் வடிகட்டியை 'பாப்' முறையில் வைத்து, நொடிக்கு 50 ஃபிரேம் என்று கொடுங்கள். அடியில் கிழிந்ததுபோல் துடிக்கும் சில வரிகளை வெட்டுங்கள், அது ஹெட் மாறும் இடம். கோப்பு வகை எம்பி4, சுருக்கும் முறை எச்.264, தர எண் (ஆர்எஃப்) 18, படம் 4:3 விகிதம். 16:9-க்கு இழுத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் குட்டையாகிவிடுவார்கள்.

எம்பி4-ஐக் கடைசிப் பத்து நிமிடம் வரை ஓட்டி, உதடும் பேச்சும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஏவிஐ-யை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து வையுங்கள்.