சிறு கிளையில் பெரும்பழம்: கவிதையின் உவமைக்குச் சொந்த எதிர்வினை எழுதத் தொடங்குவோருக்கு

ஒரு கவிதையைக் கொடுத்து, "இதைப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்" என்று வகுப்பில் சொன்னால், பெரும்பாலான தாள்களில் "கவிஞர் இயற்கையை மிக அழகாக வருணித்துள்ளார்" என்ற ஒரே வாக்கியம்தான் வந்து நிற்கிறது. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. "இலக்கிய நயம் பாராட்டுக" என்ற தேர்வு வினாவுக்கு மையக்கருத்து, மோனை, எதுகை, அணி எனத் தலைப்பிட்டு எழுதிப் பழகிய கை, தலைப்பு எதுவும் இல்லாத இடத்தில் தயங்கத்தான் செய்யும். அந்தப் பயிற்சியும் வேண்டியதுதான். ஆனால் ஒரு காட்சி உங்கள் மனத்தில் எங்கே போய்த் தைத்தது என்பதைச் சொல்ல அது போதாது. அதற்கு நான் வகுப்பில் சொல்லித்தரும் முறையை, குறுந்தொகையின் 18ஆம் பாடலாகிய கபிலர் பாட்டை வைத்து இங்கே விளக்குகிறேன்.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார்அஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

இரவில் தலைவியைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் தலைவனை வழியில் கண்டு, விரைவில் மணந்துகொள் என்று தோழி வற்புறுத்தும் பாட்டு இது. வேர்ப்பலா நிறைந்த மலைச்சாரல் நாட்டவனே, மணப்பதற்குரிய காலத்தை உண்டாக்கு; இவள் நிலையை வேறு யார் அறிவார்? சிறு கிளையில் பெரும்பழம் தொங்குவது போல, இவள் உயிர் மிகச் சிறிது, காதலோ பெரிது என்கிறாள் தோழி.

படி 1: பொருள்களை மட்டும் எழுதுங்கள்

பாடலை மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு, கண்ணால் காணக்கூடிய பொருள்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வேரல் என்னும் சிறு மூங்கில், அதனால் கட்டிய வேலி, வேரிலே காய்த்த பலா, மலைச்சாரல், சிறிய கிளை, அதில் தொங்கும் பெரிய பழம் என்பதோடு பட்டியல் முடிந்துவிடும். காதல், உயிர் ஆகியவற்றை இப்போது எழுத வேண்டாம். கருத்துக்கு அவசரப்பட்டு ஓடுகிறவர்கள் பழத்தைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அகராதியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். "தூங்கி" என்பதை உறங்குவதாக எடுத்துக்கொள்ளும் மாணவர் எப்போதும் ஒருவராவது இருப்பார். இங்கே அதற்குத் தொங்குதல் என்று பொருள். "கோடு" என்பது கிளை.

படி 2: எது எதோடு ஒப்பிடப்படுகிறது?

போல, அன்ன, ஆங்கு போன்ற உருபு இருந்தால் அது உவமை. இந்தப் பாட்டில் "தூங்கியாங்கு" என்பதில் ஆங்கு நிற்கிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது செயல், பயன், வடிவம், நிறம் ஆகியவை. இவற்றுள் இந்த ஒப்புமை எதில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தலைவியின் உயிருக்குக் கிளையின் வடிவமும் இல்லை, காதலுக்குப் பழத்தின் நிறமும் இல்லை. தாங்க முடியாத எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும் செயலே இரண்டுக்கும் பொது. இந்த ஒரு கேள்வி, "பழம் போல் இனிமையான காதல்" என்று தடம் மாறி எழுதாமல் உங்களைக் காக்கும்.

படி 3: உங்கள் வாழ்க்கையில் அதைத் தேடுங்கள்

எதிர்வினை உங்களுடையதாக மாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானமாக இருங்கள். மெல்லிய ஒன்று பெரிய ஒன்றைத் தாங்கி நின்றதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? பலா மரத்தையே பார்த்திராத மாணவி ஒருத்தி, நைந்துபோன தன் பள்ளிப் பையின் வாரைப் பற்றி எழுதினாள். காவிரிக் கரை ஊரிலிருந்து வந்த ஒரு மாணவன், குலை தள்ளிய வாழைக்கு அவனுடைய அப்பா முட்டுக் கொடுப்பதைப் பற்றி எழுதினான். இரண்டுமே உண்மையான அனுபவங்கள். ஆனால் அனுபவம் உண்மையாக இருப்பது மட்டும் போதாது. அது கவிதையைத் திறந்து காட்ட வேண்டும். அதைச் சோதிப்பது அடுத்த படி.

படி 4: பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் சோதியுங்கள்

பையின் வார் அறுந்துபோகக்கூடியது. அந்த அளவில் பொருந்துகிறது. ஆனால் பையின் எடையை வெளியிலிருந்து யாரோ ஏற்றுகிறார்கள். பலாவிலோ, பழத்துக்கு ஊட்டம் கொடுத்து அதை வளர்ப்பதே அந்தச் சிறு கிளைதான். நாள்தோறும் பழம் கனக்கக் கனக்க, அதை வளர்த்த கிளையே ஒடியும் நிலைக்கு வருகிறது. தலைவியின் காதலும் அவளுடைய உயிரிலிருந்தே ஊட்டம் பெற்று, அந்த உயிரையே இழுக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. பையைப் பற்றி எழுதிய மாணவியே, தன் ஒப்பீடு எங்கே நொண்டுகிறது என்று தேடியபோது கண்டுபிடித்தாள். ஆகவே பொருந்தாத அனுபவத்தை உடனே அடித்துவிடாதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்பதற்கான விடை பல நேரங்களில் கவிதைக்கு உள்ளேயே இருக்கும்.

வாழை எழுதிய மாணவனுக்கு வேறொன்று கிடைத்தது. முதலில் அவன் எழுதியது இவ்வளவுதான்: "பழம் பெரியது, கிளை சிறியது. அதுபோல அவள் காதல் பெரியது. இந்த உவமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது." முட்டுக் கொடுக்க உங்கள் வீட்டில் எந்தக் கம்பைப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டேன். மூங்கில் என்றான். சொன்னவன் திரும்பப் பாட்டின் முதல் அடியைப் பார்த்தான்.

படி 5: பத்தியாக எழுதுங்கள்

அவன் திருத்தி எழுதிய பத்தியை, அவன் ஒப்புதலோடு தருகிறேன்.

"எங்கள் தோட்டத்தில் வாழை குலை தள்ளியதும் அப்பா மூங்கில் கம்பை முட்டுக் கொடுப்பார். ஒரு முறை இரண்டு நாள் தாமதமானதில் ஒரு மரம் குலையோடு சாய்ந்துவிட்டது. இந்தப் பாட்டில் தலைவனுடைய ஊர்ப் பலா வேரில் காய்க்கிறது. விழுவதற்கு இடமே இல்லாத அந்தப் பழத்துக்கு மூங்கில் வேலியும் இருக்கிறது. கிளையில் தொங்கும் பழத்துக்கோ ஒரு கம்பும் இல்லை. தோழி கேட்பது அந்த முட்டைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'யார் அஃது அறிந்திசினோரே' என்ற அடியைப் படிக்கும்போது, சாய்ந்த மரத்தின் அருகில் பேசாமல் நின்ற அப்பா நினைவுக்கு வருகிறார்."

இதில் "அழகு" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டின் சொல் ஒன்று, தன் அனுபவம் ஒன்று, இரண்டையும் இணைக்கும் எண்ணம் ஒன்று என அந்தப் பத்தி மாறி மாறி நடக்கிறது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை வேறொரு கவிதைக்குக் கீழே அப்படியே வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் அதை நீக்கிவிடுங்கள்.

உருவகம் வந்தால்

உருவகத்தில் உருபு இருக்காது. இரண்டும் ஒன்றே என்று கவிஞர் சொல்லிவிடுவார். "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக, இன்புருகு சிந்தை இடுதிரியா" என்று பூதத்தாழ்வார் பாடுகிறார். தகளி என்பது அகல். மேலே சொன்ன படிகளே இதற்கும் பொருந்தும். கூடுதலாக, வீட்டில் ஓர் அகலை ஏற்றி வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். விளக்கில் உருகுவது நெய், எரிவது திரி. ஆனால் ஆழ்வாரோ திரியாகிய சிந்தையே உருகுகிறது என்கிறார். விளக்கின் இயல்பிலிருந்து உருவகம் இப்படி விலகும் இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.

அடுத்த பயிற்சிக்குக் குறுந்தொகை 58ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெய் உருகிப் பரவுவதை, கையும் இல்லாத, பேச்சும் இல்லாத ஒருவன் கண்ணால் மட்டும் காத்துக்கொண்டிருப்பதாக வெள்ளிவீதியார் சொல்கிறார். பொருள்களைப் பட்டியலிடும்போது பாறையின் சூட்டை விட்டுவிடாதீர்கள்.