குடலில் கல்லா? வாழைத்தண்டை ஒருபக்கம் வையுங்கள்

மட்டக்களப்பில் "வயிற்றில் கல்" என்று வாய் திறந்தாலே யாராவது வாழைத்தண்டு இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் கைமருந்து. குடலுக்குள் இருக்கிற கல் வேறு சாதி. பெரும்பாலும் தண்ணீர் வற்றி இறுகிய மலம்தான். சிலவேளை செரிக்காத நாரும் விதையும். அரிதாக, பித்தப்பையிலிருந்து குடலுக்குள் வந்து விழுந்த கல்.

வயதானவர்கள் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். நாலைந்து நாளாக வெளிக்குப் போகாத அம்மம்மாவுக்குத் திடீரென்று தண்ணீராகப் போகும். வயிற்றோட்டம் என்று நினைத்து, நிறுத்துகிற குளிசையைக் கொடுப்பார்கள். உண்மையில் அது மலக்குடலை அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றிக் கசிகிற தண்ணீர். குளிசை போட்டால் குடல் இன்னும் மந்தமாகும். "இதற்கு முன் ஒழுங்காகப் போனது எப்போது?" என்று முதலில் கேளுங்கள். கோடீன் கலந்த வலிக்குளிசையோ இரும்புச்சத்துக் குளிசையோ எடுக்கிறாரா என்றும் பாருங்கள், இரண்டுமே மலத்தை இறுக்கும். டொக்டர் விரலால் சோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். எனிமா கொடுப்பார்கள், தேவையென்றால் விரலாலேயே உடைத்து எடுப்பார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் அவர்களுக்கு இது அன்றாட வேலை.

அடுத்தது பேதி மருந்து. வயிறு உப்பி, சத்தி வந்து, காற்றும் பிரியாமல் இருப்பவருக்கு ஆமணக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. அடைபட்ட வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வரம்பு என்ன ஆகும் என்று அம்பாறையில் வயல் செய்கிறவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடலும் அப்படித்தான் கிழியும். சோறு, தண்ணீர் ஒன்றும் கொடுக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்று உப்பலை இறக்கி, சேலைன் ஏற்றி, எக்ஸ்ரேயோ சிடி ஸ்கானோ எடுப்பார்கள். பித்தக்கல் 2.5 சென்றிமீற்றருக்கு மேல் இருந்தால் சிறுகுடல் முடிகிற ஒடுக்கமான இடத்தில் சிக்கலாம். அப்போது குடலைத் திறந்துதான் எடுக்க வேண்டிவரும்.

குடல்வாலை அடைத்து வீங்கவைக்கச் சின்ன மலக்கல்லே போதும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிற வலிக்குப் பனடோல் போட்டு விடியும்வரை பார்க்காதீர்கள். அதற்குள் வெடித்துவிடலாம்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் (தண்ணீரில் ஊதுகிற விதை உமி) நல்லதுதான். ஆனால் அதையும் இரண்டு மிடறு தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஊதி அதுவே அடைத்துக்கொள்ளும். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீராவது வேண்டும்.