வன்னியின் உடுப்பு வரலாறு தேடுவோர் விடும் தவறுகள்

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியில் அந்தக் காலத்தில் என்ன உடுத்தார்கள் என்று எழுத வருகிறவர்கள் முதலில் அலுமாரியைத்தான் திறக்கச் சொல்வார்கள். வெளியே வருவது கலியாணத்துக்குக் கட்டிய ஒரு கூறைச் சேலை, இல்லாவிட்டால் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பட்டு வேட்டி. அதைப் படம் எடுத்து ‘வன்னியின் பாரம்பரிய உடை’ என்று தலைப்பும் போட்டுவிடுவார்கள். ஒரு நாள் கட்டி மடித்து வைத்த சேலை ஐம்பது வருடம் இருக்கும். தினமும் கட்டிய சீலை இருக்காது. அது கிழிந்தால் பிள்ளைக்கு ஏணையாகும், ஏணை நைந்தால் அடுப்படியில் கைபிடித் துணியாகும், கடைசியில் விளக்குத் திரி. ஆக, அலுமாரியில் மிஞ்சியிருப்பதை வைத்து மட்டும் எழுதினால், வன்னிச் சனம் எந்நேரமும் கலியாண வீட்டிலேயே நின்றதாகத்தான் வரும்.

வன்னியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் பதுங்குகுழிக்கு மண்மூட்டை அடுக்கச் சாக்கு கிடைக்காதபோது சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். பட்டும் போனது, கூறையும் போனது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த வீடுகளில் அல்பங்களும் தவறிவிட்டன. எனவே ஒரு வீட்டில் பழைய பட்டு இல்லை என்பதால் அந்த வீட்டுக்காரர் பட்டே கட்டாதவர் என்று எழுதுவதும் அதே அளவு பிழை. துணி எங்கே போனது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதுவும் உடுப்பு வரலாறுதான்.

படங்கள் பல இப்போது கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகளின் கையில்தான். தேடிப்போக வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்த படம் எது? கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள். சூடடிக்கிற படத்தை யாரும் தபாலில் போடவில்லை.

புகைப்படம் என்றாலே அத்தாட்சி என்று நம்புவது அடுத்த தவறு. பழைய ஸ்டூடியோக்களில் வாடிக்கையாளருக்கு மாட்டிவிடவென்றே கோட்டும் டையும் தொங்கும். ‘தாத்தா கோட்டுப் போட்டவர்’ என்று பேரப்பிள்ளை பெருமைப்படும் கோட்டு, அதே வாரம் வேறு எத்தனை பேரின் தோளில் ஏறியதோ. ஒரே ஊர்க்காரரின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: ஒரே கோட்டு, ஒரே நாற்காலி, பின்னால் ஒரே திரைச்சீலை என்று வந்தால் விடயம் வெளித்துவிடும்.

நிறத்திலும் பலர் சறுக்குகிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் படம் எடுக்கப் பயன்பட்ட கண்ணாடித் தட்டுகளில் பெரும்பாலானவை நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும், சிவப்பைப் பிடிக்காது. எல்லா நிறத்தையும் பதிக்கும் தட்டுகள் விற்பனைக்கு வந்ததே 1906 அளவில். அதனால் சிவப்புக் கூறை படத்தில் கறுப்பாகத் தெரியும், மஞ்சளும் இருண்டுபோகும், இளநீலம் வெள்ளையாக வெளுத்திருக்கும். வெளிறிய சேலையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து ‘விதவை’ என்று எழுதுமுன் இதை யோசியுங்கள். அவர் கட்டியது நீலச் சேலையாகவும் இருக்கலாம். நெற்றி, கழுத்து, பக்கத்தில் நிற்கிறவர், படம் எடுத்த காரணம் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் நிறத்துக்கு வர வேண்டும்.

ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே போன்ற கொழும்பு, கண்டி ஸ்டூடியோக்காரர் பயணிகளுக்கு விற்ற ‘தமிழ்ப் பெண்’ படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவை விற்பனைக்கு எடுத்தவை; நகையும் நிற்கும் விதமும் வாங்குகிறவருக்காக அமைத்தவை. தலைப்பில் ஊரே இருக்காது. அதை எடுத்து வன்னிக் கட்டுரையில் ஒட்டாதீர்கள். கண்டி அரசில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி, வன்னிக் காடு வழியாக மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊருக்குப் போனவர்தான். ஆனால் 1681இல் வந்த அவருடைய நூலின் படங்கள் லண்டனில் செதுக்கியவை. எழுத்தை ஒரு கண்ணாலும் படத்தை இன்னொரு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

சிலைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வன்னியின் கடைசிக் குறுநில மன்னன் எனப்படும் பண்டாரவன்னியன் உயிரோடிருந்தபோது வரைந்த படம் எதுவும் நம் கையில் இல்லை. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் நாட்டிய நினைவுக்கல், 1803இல் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் ட்ரீபேர்க் அவரைத் தோற்கடித்ததைச் சொன்னதே தவிர, தலைப்பாகையைப் பற்றிப் பேசவில்லை. வவுனியா நகரத்துச் சிலையின் உடை சிற்பியின் கற்பனை. அதை 18ஆம் நூற்றாண்டு உடைக்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்களை என்ன சொல்வது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியதை அப்படியே வன்னிக்கு மாற்றிப்போடுவது. முல்லைத்தீவுக் கரையோரம், மன்னார்க் கத்தோலிக்க ஊர்கள், 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து வந்த தீவகத்தார், 1977க்கும் 1983க்கும் பிறகு வவுனியா, கிளிநொச்சி வந்து குடியேறிய மலையக மக்கள் என்று இங்கே பல கட்டு, பல கொய்யகம் (சேலை மடிப்பு). கொழும்பை அளவாக வைத்தாலும் பிழைக்கும். 1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. ஆனால் அதே கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறி, விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. துணிக்கடைக் கணக்கு அங்கே வேறு மாதிரி இருக்கும்.

வடக்கில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் சட்டை போடக்கூடாது, குறுக்குக்கட்டோடுதான் நிற்க வேண்டும் என்று மற்றவர்கள் கட்டுப்படுத்தியதை ‘அந்தக் காலத்து எளிமை’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். யார் எதை உடுத்தத் தடை இருந்தது, யார் அதை மீறினார்கள் என்றும் கேளுங்கள்.

முதியவர்களிடம் கேட்பதிலும் முறை இருக்கிறது. “அம்மம்மா, அந்த நேரம் என்ன உடுத்தனீங்கள்?” என்றால் “சீலைதான், வேறென்ன” என்பதோடு கதை முடியும். வேலையை வைத்துக் கேளுங்கள். “அருவி வெட்டேக்க (நெல் அறுக்கும்போது) என்ன போட்டனீங்கள்?” என்றால், பழஞ்சீலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சேட்டு, தலையில் துண்டு, ஆண்கள் என்றால் சண்டிக்கட்டாய்க் கட்டிய சாறம் என்று வரிசையாக வரும். ஆண்டு கேட்டால் யாருக்கும் நினைவில்லை. 64 புயலுக்கு முன்னமா, இந்தியன் ஆமி நின்ற நேரமா, 1997இல் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கைக்குப் பிறகா, 2002இல் ஏ9 திறந்து கடைகளுக்குச் சாமான் வந்த பிறகா என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள்.

படத்தை ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் பண்ணுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான். வெளியிடுமுன் வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள். படத்தில் இருப்பவர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருக்கலாம், அல்லது போராளி இயக்கச் சீருடையில் நிற்கலாம். வேண்டாம் என்றால் எழுத்தில் விவரித்தாலே போதும். துணி, கட்டு, தையல் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.