கொழும்பு வளவுக்குக் கொப்பு அரைக்கும் மெஷின் எடுக்கமுன்

முதலில் வளவின் பின்பக்கத்துக்குப் போய், குவிந்து கிடப்பது என்ன குப்பை என்று கிளறிப் பாருங்கள். மாங்கொப்பு, செவ்வரத்தை, கறிவேப்பிலை, குரோட்டன், மதில் ஓரத்து வேலிச்செடி என்று இருந்தால் வீட்டுக் கரண்டில் ஓடும் ஷ்ரெடர், அதாவது கொப்பு அரைக்கும் மெஷின் ஒன்று உங்களுக்கு உண்மையாகவே உதவும். முக்கால்வாசி தென்னோலை என்றால், அடுத்த பந்தியோடு வாசிப்பை நிறுத்திக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

காய்க்கிற தென்னை ஒன்று வருடத்துக்கு 12 முதல் 14 மட்டை வரை கழற்றும், அதாவது இரண்டு மரம் நின்றால் கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்கு ஒரு மட்டை. அந்த மட்டையின் அடிப்பகுதி வீட்டு மெஷின் எதனுடைய வாய்க்குள்ளும் நுழையாது. சரி, ஓலையை மட்டும் கிழித்துப் போடலாம் என்று நினைத்தால், அதில் இருக்கும் நார் வெட்டுப்படாமல் உள்ளே சுழலும் தண்டில் கயிறு மாதிரிச் சுற்றிக்கொள்ளும். நான் வாங்கிய முதல் மெஷினுக்கு அதுதான் நடந்தது. கடையில் நின்ற தம்பி “ஓலையும் போகும் அண்ணா” என்றார், நானும் நம்பினேன், இரண்டாவது ஓலைக்குள்ளேயே மோட்டார் முனகிக் கருகல் மணம் வந்துவிட்டது, பிறகு குறட்டோடு குந்தியிருந்து நார் இழுத்ததில் அந்த ஞாயிற்றுக்கிழமை போனது. பொச்சு மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் இதே கதைதான். தென்னங்குப்பைக்குப் பழைய வழியே நல்ல வழி: ஈர்க்கை உரித்தெடுத்து, மட்டையை மூன்று நான்கு துண்டாகத் தறித்துத் தென்னை அடியிலேயே பரப்பிவிடுங்கள், பொச்சைக் குழிக்குள் புதையுங்கள், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இனிக் கொப்புக்காரர்களுக்கு. சந்தையில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கத்தி வகை. தட்டையான சுழல்தட்டில் இரண்டு கத்தி பூட்டியிருக்கும், நிமிடத்துக்கு 3,500, 4,000 சுற்று என்ற வேகத்தில் சுற்றிச் சீவித் தள்ளும். பாரம் குறைவு, விலையும் குறைவு, மெல்லிய கொப்பையும் காய்ந்த தடியையும் சட்டென்று முடித்துவிடும், ஆனால் போடும் சத்தம் சாதாரணமானது இல்லை, ஈர இலையைக் கொட்டினால் வெளிவாசல் களி மாதிரி அடைத்துக்கொள்ளும், அதைத் திறந்து சுரண்டத்தான் வேண்டும். மற்றது உருளை வகை. பல்லுள்ள தடித்த உருளை ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 சுற்று என்று ஆறுதலாகச் சுற்றி, எதிரே உள்ள அலுமினியத் தகட்டோடு கொப்பை நெரித்து நறுக்கும். கொப்பைத் தானாகவே உள்ளே இழுக்கும், பக்கத்தில் நின்று தள்ளத் தேவையில்லை, சிக்கினால் பின்பக்கம் சுற்ற ஒரு பொத்தான் இருக்கும். சத்தமும் குறைவு. குறை என்றால், பச்சை இலையும் மெல்லிய கொடியும் நறுக்குப்படாமல் நசிந்து மட்டும் வெளியே வரும், மெஷினும் 25, 30 கிலோ பாரம். திருகுபோல வளைந்த கத்தியுள்ள மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, இரண்டுக்கும் இடைப்பட்டது, விலை கூட.

கொழும்பு மாதிரி மதிலோடு மதில் ஒட்டிய இடத்தில் நான் உருளை வகையைத்தான் எடுக்கச் சொல்வேன். ஐரோப்பாவுக்கென்று செய்த மெஷின்களில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு படத்தோடு டெசிபல் எண் ஒட்டியிருக்கும், அதைப் பாருங்கள். கத்தி வகை 100ஐத் தாண்டும், உருளை வகை 90ஐ ஒட்டி நிற்கும். பத்து டெசிபல்தானே என்று நினைக்காதீர்கள், 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். வெள்ளவத்தை லேன் ஒன்றில், பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாதத்தில், கத்தி மெஷினை ஓடவிட்டுப் பாருங்கள், அந்த அன்ரியின் முகத்தில் பிறகு முழிக்க முடியாது.

வாட் கணக்கில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 2,500 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும், பின்னால் உள்ள தகட்டில் சின்ன எழுத்தில் எஸ்6 40 சதவீதம் அல்லது பி40 என்று இருக்கும். அதற்கு அர்த்தம், பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் அந்தப் பலத்தில் அரைக்கலாம், மிச்ச ஆறு நிமிடம் சும்மா சுற்றி ஆற வேண்டும். எஸ்1 என்று போட்டிருந்தால் அது தொடர்ந்து ஓடக்கூடிய அளவு. ஆகவே இரண்டு மெஷினை ஒப்பிட்டால் எஸ்1 எண்ணை எஸ்1 எண்ணோடு ஒப்பிடுங்கள். 40 மில்லிமீற்றர், 45 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும் கொப்புப் பருமனையும் அப்படியே எடுக்க வேண்டாம், அது நேரான, பச்சையான, மெதுமையான தடிக்கு. முற்றிக் காய்ந்த பலாக்கொப்புக்கு அதில் பாதி, முக்கால்வாசி என்று வைத்துக்கொண்டால் மனம் நோகாது. கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை, 2,000 வாட் மெஷின் அரை மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்.

பில்லைவிட வயரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். நம்முடைய 230 வோல்ட்டில் 2,500 வாட் மெஷின் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக்குக்கு அது சரி, ஆனால் பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் 5 ஆம்பியர் உருண்டைப் பின்னில் மல்டி பிளக் செருகி ஓட்டினால் பிளக் உருகும். எக்ஸ்டென்ஷன் வயர் குறைந்தது 1.5 சதுர மில்லிமீற்றர், 25 மீற்றருக்குக் கூட என்றால் 2.5. றோலில் சுற்றிய வயர் என்றால் பயன்படுத்தும்போது முழுவதையும் அவிழ்த்துவிட வேண்டும், சுற்றியபடி வைத்தால் சூடேறி உறை இளகும். அப்புறம் ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வெட்டிவிடும் சுவிட்ச். 30 மில்லியாம்பியர் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமத்தினால் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மெஷின் வாங்குங்கள். ஈர நிலத்தில் நின்று கரண்ட் மெஷின் பிடிக்கும் வேலை இது.

யப்பானில் இருந்து வரும் பாவித்த மெஷின் மலிவாகக் கிடைத்தால் கொஞ்சம் நில்லுங்கள். அவை 100 வோல்ட். இங்கே ஓட வைக்கப் பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதற்கும் காசு, இழுத்துத் திரிய அதுவும் ஒரு பாரம். நான் எடுக்கமாட்டேன்.

புதிதாக எடுப்பதென்றால் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், ஒன்லைனிலும் தேடலாம், எங்கே எடுத்தாலும் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: மாற்றுக் கத்தி இருக்கிறதா, உருளை என்றால் அந்த அலுமினியத் தகடு தனியாக விற்கிறீர்களா? “ஓடர் பண்ணித் தரலாம்” என்பது பதில் இல்லை. கத்தி பெரும்பாலும் இரண்டு பக்கமும் கூர் வைத்தது, ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம், இரண்டும் போனபிறகு கத்தி கிடைக்காவிட்டால் மெஷின் இரும்புக் கடைக்குத்தான். முடிந்தால் கையில் ஒரு விரல் தடிப்புக் கொப்பைக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. சில்லு பெரிதா, சேர்க்கும் பெட்டி சரியாகப் பூட்டாவிட்டால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வேலை செய்யும்போது சாரம் கட்டிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள், துவாயைத் தோளில் போடுவதும் வேண்டாம். உருளை மெஷின் ஆறுதலாகச் சுற்றுவதால் பயமில்லை என்று தோன்றும், ஆனால் அது பிடித்ததை விடாது. கண்ணாடி, காதடைப்பான், கைக்கு இறுக்கமான உறை. வாய் அடைத்தால் கம்பியோ கையோ விடமுன் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மஞ்சள் அலரியை அரைக்கவே வேண்டாம், நஞ்சு, பால் தெறிக்கும். மாங்கொப்பின் பாலும் சிலருக்குத் தோலைச் சொறியவைக்கும். இலையையும் கொப்பையும் மாறி மாறிப் போட்டால் அடைப்பு குறையும். மழை பெய்து ஓய்ந்த கையோடு அரைக்க நினைக்காமல், ஒரு நாள் காயவிடுங்கள். மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நமக்குக் காய்ந்த நாள் கிடைப்பதே வில்லங்கம், அதனால் கொப்பு வெட்டும் வேலையைப் பெப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்வது நல்லது.

அரைத்து வந்ததை மல்லிகை, தேசி, கறிவேப்பிலை அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பலாம், தண்டைத் தொடாமல் கொஞ்சம் விலக்கி. வீட்டுச் சுவரோடு சேர்த்துக் குவித்தால் கறையானுக்கு விருந்து. குசினிக் கழிவோடு கலந்து கொம்போஸ்ட் பீப்பாவுக்குள்ளும் போடலாம், முழுக் கொப்பைவிட நசிந்த கொப்பு வேகமாக உக்கும். பீப்பா மூடியில் மழைத்தண்ணீர் தேங்காமல் பாருங்கள், டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உருளை மெஷினில் கொஞ்ச நாள் போகத் தடி துண்டாகாமல், தோல் அறாமல் மாலை மாதிரித் தொங்கிக்கொண்டு வரும். உடனே மெஷின் பழுது என்று கடைக்குத் தூக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள திருகை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல இறுக்குங்கள், கீழே மெல்லிய அலுமினியத் தூள் விழத் தொடங்கியதும் நிறுத்துங்கள், தகடு உருளைக்குச் சரியாக நெருங்கிவிட்டது. அதற்குமேல் இறுக்கினால் தகடுதான் தேயும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி, உள்ளே துடைத்து, கத்தியில் கொஞ்சம் எண்ணெய் பூசி வையுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் போதும். உப்புக்காற்றில் ஒரு மாதம் சும்மா விட்டால் துரு பிடித்துவிடும்.